தோற்றவர்தான் எழுத வேண்டும்

போன வாரம் உங்கள் உண்மை சரிபார்ப்புக் குழுவில் ஒருவர் தடுப்பூசி விவாதத்தில் ஒரு மனிதரை மண்ணைக் கவ்வ வைத்ததைப் படித்தேன். ஆதாரத்துக்கு மேல் ஆதாரம், எல்லாம் சரியான ஆதாரம். கடைசியில் அந்த மனிதர் பதில் எழுதாமலே போய்விட்டார். கீழே ஒரு கூட்டமே கை தட்டியிருந்தது. பொய் சொல்வானேன், எனக்கும் படிக்கப் படிக்க ஜிவ்வென்றுதான் இருந்தது. சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் உறைத்தது. போனவர் எங்கே போனார்? மனசு மாறிப் போனாரா, இல்லை, உங்களைத் திட்டுவதற்கென்றே இருக்கிற இன்னொரு குழுவில் போய்ச் சேர்ந்துகொண்டாரா? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

புதிதாக வந்தவர்களுக்கு ஏதாவது பேசுங்கள் பாய் என்று உங்கள் மேலாளர் கேட்டார். மேடை ஏறினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். எங்கே தேடுவது, எதை எப்படிச் சரிபார்ப்பது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதில் நான் வாலாட்டப் போவதில்லை. நான் சொல்லப் போவது ஒரு தேங்காய்ச் சண்டை. சிரிக்காதீர்கள். நான் வேலை பார்த்த காலத்தில் அதைவிடப் பெரிய சண்டை எதையும் பார்க்கவில்லை.

வீடுகளுக்கு பிராட்பேண்டு வரத் தொடங்கியிருந்த நேரம் அது. பாதிப் பேர் இன்னும் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துதான் எழுதுவார்கள். மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். தமிழில் ஒரு இணையதளம் நடத்தினோம். செய்தி, சினிமா, ராசிபலன் எல்லாம் உண்டு, ஆனால் ஜனங்கள் வந்து விழுந்தது விவாதக் களத்தில்தான். அங்கே நடக்கும் பேச்சை ஒழுங்குபடுத்துவது என் வேலை. மட்டுறுத்துநர் என்று அதற்குப் பெயர். பல்லாவரத்தில் என் வீட்டில் இந்தச் சொல்லை விளக்குவதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. "ஊர்ச் சண்டைய விலக்கி விடற வேலை, அவ்ளோதானே?" என்றாள் என் மனைவி. அவ்வளவுதான்.

எங்களுக்குத் தலைமை ஒரு பெண். என்னைவிட ரொம்பச் சின்னவர். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வார், அதனால் மேடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நான் முன்கோபி. யாராவது உளறினால் என் விரல் தானாகத் தடை செய்யும் பொத்தானுக்குப் போய்விடும். அவருக்கும் கோபம் வரும். வந்தால் எழுந்து போய் ஜன்னலோரம் நின்று, கீழே குக்கருக்குப் பேரம் பேசுகிறவர்களை வேடிக்கை பார்ப்பார். திரும்பி வரும்போது கையில் ஒரு கேள்வி இருக்கும்.

ஒரு தேர்தல் சமயத்தில் ஒருவர் வந்து, ஓட்டு இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அமுக்கினாலும் ஒரே கட்சிக்குத்தான் விழுகிறது என்று அடித்துச் சொன்னார். நாங்கள் எல்லாரும் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினோம். மேடம் எழுதியது ஒரே வரி: "என்ன நடந்தால், நீங்கள் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?" பதில் வந்தது. தன் கட்சி தோற்றால் மோசடி நடந்திருக்கிறது என்று அர்த்தம், ஜெயித்தால் மோசடியையும் மீறி ஜெயித்திருக்கிறது என்று அர்த்தம். மேடம் எங்கள் பக்கம் திரும்பி, "விட்டுடுங்க பாய், இது விவாதம் இல்ல, பக்தி" என்றார். அன்றைக்கு எங்களுக்கு மிச்சமான நேரத்தில் வேறு நல்ல வேலை நடந்தது.

இன்னொரு வழக்கத்தையும் அவர்தான் கொண்டுவந்தார். களத்தில் ஒரு வாதத்தைச் சோதித்துப் பார்த்து முடிவு தெரிந்துவிட்டால், அதை ஜெயித்தவர் எழுதக் கூடாது. தோற்றவர்தான் எழுத வேண்டும். அவர் எழுதியதும் அந்தப் பேச்சு அப்படியே பூட்டப்படும். அதற்குக் கீழே ஒருத்தரும் ஒரு வார்த்தை போட முடியாது. இரண்டு செல்போனுக்கு நடுவே முட்டையை வைத்துப் பேசினால் வெந்துவிடும் என்று அப்போது ஒரு கதை உலவியது. மஸ்கட்டிலிருந்து ஒருவர் அதற்காக மல்லுக்கட்டினார். கடைசியில் அவரே வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதினார்: "முட்டை பச்சையாகவே இருந்தது. என் மனைவி ஆம்லெட் போட்டுக் கொடுத்தாள். ஃபோன் பில் என் தலையில்." அவரை மாதிரி நம்பிக்கொண்டிருந்தவர்கள் அதை ரசித்துப் படித்தார்கள். அதையே நான் எழுதியிருந்தால் நக்கல் இல்லாமல் எழுதியிருக்க மாட்டேன். அவர்களும் படித்திருக்க மாட்டார்கள்.

சரி, தேங்காய்க்கு வருகிறேன்.

களத்தில் ஒரு மென்பொருள் பொறியாளர் இருந்தார். தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பெயர் "சோதனைக்குழாய்". அறிவியல் விஷயத்தில் கில்லாடி. கிரகணம், ராசிக்கல், எது வந்தாலும் பிய்த்து உதறுவார். அவர் கூடுவாஞ்சேரியில் ஒரு லேஅவுட்டில் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். ஆழ்துளைக் கிணறு போட இடம் பார்க்க, மேஸ்திரி ஒரு ஆளை அழைத்து வந்திருக்கிறார். அந்தப் பக்கமெல்லாம் அதுதான் வழக்கம். வருகிறவர் உள்ளங்கையில் ஒரு குடுமித் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு மனை முழுக்க நடப்பார். கீழே நீரோட்டம் இருக்கிற இடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும், அங்கே போர் போடுவார்கள். இவர் மனையிலும் தேங்காய் எழுந்து நின்றது. போர் போட்டார்கள். புழுதியும் கல்லுமாக வந்ததே தவிர, தண்ணீர் வரவில்லை.

வந்தது பாருங்கள் ஆத்திரம். "கூடுவாஞ்சேரியில் ஒரு தேங்காய்த் திருடன்" என்று தலைப்புப் போட்டு எழுதினார். பெயர் இல்லை, ஆனால் என்ன வண்டி, என்ன நிறத் துண்டு, எந்த டீக்கடையில் உட்கார்ந்திருப்பார் என்பது வரை இருந்தது. நான் காலையில் வந்து பார்ப்பதற்குள் ஊரே படித்துவிட்டது. அடையாளங்களையெல்லாம் வெட்டி எடுத்துக்கொண்டிருந்தபோதே தொலைபேசி அடித்தது.

"சார், அந்தத் தேங்கா மேட்டர் உங்க சைட்லதானே வந்திருக்கு?"

"ஆமாம்மா, நீங்க யாரு?"

"அதுல திருடன்னு போட்டிருக்காங்களே, அவரோட பொண்ணு. காட்டாங்குளத்தூர்ல இன்ஜினியரிங் படிக்கிறேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மொத்தத்தையும் தூக்கிடறேம்மா, இப்பவே," என்றேன்.

"வேணாம் சார். தூக்கினா, உண்மைங்கறதாலதான் தூக்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க. லேஅவுட் பூரா பிரின்ட் எடுத்துக் குடுத்துட்டாங்க. அப்பா டீக்கடைக்குக்கூடப் போக மாட்டேங்கறாரு. அவரு தேங்காய நம்புறாரு சார். யாரையும் ஏமாத்தினதில்ல. நான் எழுதணும், எனக்கு எப்படி சேர்றதுன்னு சொல்லுங்க."

"கூடுவாஞ்சேரிக்காரி" என்ற பெயரில் சேர்ந்தாள். அப்புறம் நடந்த சண்டையைப் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்தெல்லாம் ஆட்கள் தூங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அப்பா பார்த்துச் சொல்லித் தண்ணீர் வந்த வீடுகளையெல்லாம் அடுக்கினாள். அந்தப் பகுதியில் எங்கே தோண்டினாலும் ஏதோ ஓர் ஆழத்தில் தண்ணீர் வரத்தான் செய்யும், வராத இடம்தான் அதிசயம் என்று சோதனைக்குழாய் பதில் கொடுத்தார். அது நியாயமான பதில். ஆனால் மனிதர் அதோடு நிற்கவில்லை. "பொறியியல் படிக்கும் பெண் தேங்காய்க்கு வக்காலத்து வாங்கலாமா?" என்று கேட்டார். அவள் எழுதினாள்: "தேங்காய்க்கு இல்லை. எங்கள் அப்பாவுக்கு."

அதைப் படித்துவிட்டு மேடம் ஜன்னலோரம் போனார். திரும்பி வந்து, "பாய், இது ஒரு சண்டை இல்ல, ரெண்டு சண்டை," என்றார். "தேங்கா தண்ணிய காட்டுமாங்கறது ஒண்ணு. அவரு திருடனாங்கறது இன்னொண்ணு. இவங்க ரெண்டையும் ஒரே முடிச்சாப் போட்டு இழுத்துக்கிட்டிருக்காங்க."

இதை எழுதி உங்கள் மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல ஆசைதான், சொன்னால் ஒட்டுவீர்களா என்ன. ஒரு தப்பான விஷயத்தை நம்புகிறவன் வேறு, அதைத் தெரிந்தே விற்கிறவன் வேறு. இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி பதில் எழுதினால், நம்புகிறவன் விற்கிறவன் பக்கம் போய் நின்றுகொள்வான். நாம் தள்ளிவிட்டதால்தான் போனான் என்பது நமக்குத் தெரியவே தெரியாது.

மேடம் இரண்டு பேரிடமும், ஓட்டு இயந்திரக்காரரிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். நேரில் ஒரு சோதனை வைத்து, அதில் அப்பாவால் கண்டுபிடிக்க முடியாவிட்டால், தேங்காய் தண்ணீர் காட்டாது என்று தானே எழுதுவதாகப் பெண் ஒப்புக்கொண்டாள். கண் முன்னால் கண்டுபிடித்துவிட்டால் திருடன் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகப் பொறியாளர் ஒப்புக்கொண்டார். அவர் முகத்தில் கவலையே இருந்திருக்காது, ஏனென்றால் முடிவு அவருக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும். பெண்ணுக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியவே தெரியாது.

அவரைப் பார்க்க நானும் மேடமும் மின்சார ரயிலில் போனோம். ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் ஒரு பேனா, பேச்சில் கொஞ்சம் மிடுக்கு. நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, "இன்னாம்மா, என்னை சோதிக்க வந்துகீறீங்களா?" என்றார்.

"இல்லைங்க. எப்படி சோதிச்சா நியாயம்னு உங்ககிட்ட கேக்க வந்திருக்கோம். நீங்க சொல்ற மாதிரியே செய்யறோம்," என்றார் மேடம்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. தாடையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கொடத்துல தண்ணிய மூடி வெச்சா ஆவாது. நின்ன தண்ணிக்கு தேங்கா எழாது. ஓடணும். பெரிய குழாவா போட்டு, மோட்டார் வெச்சி ஓட வுடணும். மேல மணல் போடு, சாக்கு போடு, எனக்குக் கவலை இல்ல. இரும்பு மட்டும் பக்கத்துல கூடாது. தேங்கா நான் கொண்டாருவேன்."

மேடம் எல்லாவற்றுக்கும் சரி என்றார். எனக்கு எரிச்சல். திரும்பி வரும்போது, "அவரு கேக்கறதுக்கெல்லாம் தலையாட்டினா எப்படி மேடம்? நம்ம சோதனையா, அவரு சோதனையா?" என்று கேட்டேவிட்டேன்.

"அவரு சோதனைதான் பாய். முடிஞ்ச பிறகு ஒரு சாக்கும் மிச்சம் இருக்கக் கூடாது. நமக்காக இல்ல, அவருக்கே இருக்கக் கூடாது."

பொறியாளர் வீடியோ கேமரா கொண்டுவருவேன் என்று அடம் பிடித்தார். கேமரா வந்தால் அவரும் நடிப்பார், நீங்களும் நடிப்பீர்கள் என்று மேடம் மறுத்துவிட்டார். இன்னொன்றிலும் பிடிவாதமாக இருந்தார். முதலில் எந்தக் குழாயில் தண்ணீர் ஓடுகிறது என்று பெண்ணின் அப்பாவுக்குத் தெரிந்தே நடக்கட்டும், அப்புறம்தான் மறைத்து வைத்து. "தெரிஞ்சா யாருக்குத்தான் எழாது? அது எதுக்கு?" என்று பொறியாளர் சிரித்தார். "இருக்கட்டும் சார்," என்று மேடம் சொன்னதோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே மனையில் கூடினோம். பொறியாளர் செலவு பார்க்காமல் பிளாஸ்டிக் குழாய்களை வரிசையாகப் போட்டு, மேலே மணல் பரப்பி வைத்திருந்தார். எல்லாம் ஒரே மோட்டாரில் தொடங்கி ஒரே மூடிய குழியில் முடிந்தன, சத்தத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. பெரியவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மகளோடு மொபெட்டில் வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றிவிட்டு, கிழக்கே பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

முதலில் தெரிந்த சுற்று. நடுக் குழாயில் தண்ணீர் என்று சொல்லியே விட்டோம். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தார். அந்தக் குழாயைத் தாண்டும்போது தேங்காய் அசைந்தது, அப்படியே எழுந்து குத்திட்டு நின்றது. நான் ஒரு அடி தூரத்தில் நின்று பார்த்தேன். கையால் ஒரு வேலையும் செய்வதாகத் தெரியவில்லை. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, யா அல்லாஹ் என்று வாயில் வந்தேவிட்டது. பொறியாளர் என்னை முறைத்தார்.

"இன்னைக்கு நல்லா வேலை செய்யுதுங்களா?" என்று கேட்டார் மேடம்.

"சூப்பரா கீதும்மா."

"மணல், வெயில், நாங்க நிக்கறது, எதுவும் தொந்தரவா இல்லையே?"

"ஒண்ணியும் இல்ல. நீ ஆரம்பி."

அப்போதுதான் அந்தத் தெரிந்த சுற்று எதற்கென்று எனக்குப் புரிந்தது. அடுத்து மறைத்து வைத்த சுற்றுகள். நானும் பொறியாளரும் மறைவில் சீட்டுக் குலுக்கி வால்வைத் திறந்துவிட்டு, ஷெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டோம். விடை தெரிந்தவன் முகம் அவர் கண்ணில் படக் கூடாது. அவரோடு நடந்த மேடத்துக்கும் விடை தெரியாது. ஒவ்வொரு சுற்றிலும் தேங்காய் எழுந்தது. ஒவ்வொரு சுற்றிலும் அவர் சந்தேகமே இல்லாமல் இடத்தைக் காட்டினார், மகள் அங்கே ஒரு செங்கல்லை வைத்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் சீட்டையும் செங்கல்லையும் ஒத்துப் பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு கல் எறிந்தால் எத்தனை சரியாக விழுமோ அத்தனைதான்.

"நான் அப்பவே சொன்னேன்ல!" என்று பொறியாளர் கையைத் தட்டினார்.

மேடம் அவர் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "நீங்க சொன்னது ரெண்டு சார். ஒண்ணு ஜெயிச்சுது. இன்னொண்ணு இப்ப தோத்துப்போச்சு. ஏமாத்தறவரா இருந்தா சோதனையைத் தானே சொல்லிக் குடுத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்து நின்னு, இவ்ளோ தைரியமா தப்பான இடத்தைக் காட்டுவாரா? அதனால நீங்களும் எழுதணும்."

பெண் தலை குனிந்து நின்றாள், கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. பெரியவர் மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளிடம், "நீ போய் மாத்தித் திற. என்கிட்ட சொல்லாத," என்றார். அவள் போய் வந்து அவர் முதுகுக்குப் பின்னால் நின்றாள். நடந்தார். தேங்காய் எழுந்தது. திரும்பி அவளைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தாள். "இப்ப எதுல கீதுன்னு சொல்லு," என்றார். காட்டினாள். நடந்தார். சொன்ன இடத்தில் தேங்காய் ஜம்மென்று எழுந்து நின்றது.

அவர் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தெரிஞ்சா கரெக்ட்டா எழுந்துக்குது. தெரியலன்னா எங்கியோ எழுந்துக்குது. அப்ப தேங்கா எழல. என் கைதான் எழுப்புது, எனக்கே தெரியாம. இத்தினி வருசமா."

பிள்ளைகளே, நான் எத்தனையோ படித்தவர்களோடு வாதாடியிருக்கிறேன். அந்த நிமிஷத்தில் வெயிலைச் சொல்லியிருப்பார்கள், கண் திருஷ்டியைச் சொல்லியிருப்பார்கள், சோதனை வைத்தவனின் ஜாதகத்தையே இழுத்திருப்பார்கள். தோற்றுப்போன பிறகு, தனக்கு எதிராகத் தானே இன்னொரு சோதனை கேட்ட மனிதரை நான் அவரைத் தவிர வேறு யாரையும் பார்க்கவில்லை. அவர் காலைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை, அவருடைய செருப்பை எடுத்து நிழலில் வைத்தேன்.

அதோடு முடியவில்லை. கஷ்டமே அப்புறம்தான். முடிவை எழுத வேண்டிய பெண் எழுதவில்லை. நாட்கள் போயின. களத்தில் ஒரே கூச்சல். மட்டுறுத்துநர்கள் மூடி மறைக்கிறார்கள், திருடனோடு கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள், பாய்க்கு எத்தனை தேங்காய் வந்தது என்றெல்லாம் எழுதினார்கள். பொறியாளர், பெண் எழுதட்டும், பிறகு நான் யோசிக்கிறேன் என்று நழுவினார். தளத்தின் முதலாளிக்கு இது முதல் பக்கத்தில் போட வேண்டிய சரக்கு. மாடியேறி வந்து, "திங்கட்கிழமைக்குள்ள வரலன்னா பொறியாளரையே எழுதச் சொல்லிப் படத்தோட போடுவேன்," என்று மேடத்திடம் சொன்னார்.

எனக்கும் பொறுமை போய்விட்டது. "நாமளே நாசூக்கா நாலு வரி எழுதிடலாம் மேடம்," என்றேன்.

"நாம எழுதினா அது நம்ம தீர்ப்பு பாய். அந்த லேஅவுட்ல அவருக்குத் திருடன் பட்டம் அப்படியே ஒட்டிக்கும். அவங்க வாயால வரணும்." முதலாளியிடம், "அவசரம்னா என்னை வேலைய விட்டு எடுத்துட்டுப் போடுங்க சார்," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, உட்கார்ந்து மற்ற வேலையைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். மேடத்தின் இடத்தில் நானாக இருந்தால் அன்றைக்கே எழுதிப் போட்டிருப்பேன், கை தட்டும் வாங்கியிருப்பேன். காத்திருப்பதற்கு எவ்வளவு தெம்பு வேண்டும் என்பது அவரைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அப்பாவும் பெண்ணும் வந்தார்கள். அவள் எழுதி எடுத்து வந்திருந்தாள்.

"படி, கேப்போம்," என்றார் அப்பா.

படித்தாள். சோதனை நடந்தது, எதிர்பார்த்த முடிவு கிடைக்கவில்லை, பிளாஸ்டிக் குழாயும் ஆற்று மணலும் இயற்கையான நீரோட்டத்துக்கு ஈடாகாது, எனவே உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை. அழகான தமிழ். அப்பாவை ஒரு கீறல் இல்லாமல் வெளியே கொண்டுவந்துவிடும் எழுத்து.

"குழா போடச் சொன்னது யாரு?" என்றார் அப்பா.

"நீங்கதான்ப்பா. ஆனா..."

"மணல் தொந்தரவு இல்லன்னு சொன்னது யாரு?"

அவள் தாளை மடித்தாள்.

"அப்ப இது பொய்யி. இத்தினி நாளா தெரியாம சொன்னேன், அது வேற. இப்ப தெரிஞ்சிகினு சொன்னா, அந்த ஆளு சொன்ன மாதிரி நான் திருடன்தான்." என் பக்கம் திரும்பினார். "பாய், எனக்குக் கம்ப்யூட்டர் வராது. நான் சொல்றேன், நீங்க தட்டுங்க."

மேடம் உடனே பொறியாளருக்கு ஃபோன் போட்டார். "அவரு வந்து உக்காந்திருக்காரு. அவரு எழுதினதும் பூட்டிடுவேன். உங்களோடது அதுக்கு முன்னாடி வந்தாகணும்." கொஞ்ச நேரம் காத்திருந்தோம். வந்தது. "அவரைத் திருடன் என்று எழுதினேன். அது தவறு. அவர் தெரிந்தே யாரையும் ஏமாற்றவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்." பெண் அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினாள். "செரி, வுடு," என்றார் அவர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். சொன்னதைச் சொன்னபடியே தட்டினேன்.

"நான் கூடுவாஞ்சேரியில தேங்கா வெச்சி தண்ணி பாக்கறவன். நான் சொன்ன மாதிரியே சோதனை வெச்சாங்க. ஒரு கொறையும் இல்ல. தேங்கா தண்ணிய காட்டல. எங்க கீதுன்னு எனக்குத் தெரிஞ்சாதான் அது எழுந்துக்குது. எழுப்பினது என் கை. இனிமே யாரு வூட்டுக்கும் தேங்கா எடுத்துகினு வர மாட்டேன். அக்கம்பக்கத்துல எவ்ளோ ஆழத்துல தண்ணி கீதுன்னு விசாரிச்சி சொல்லுவேன், அதுவும் தப்பாப் போலாம். நான் பாத்து தண்ணி வராம போனவங்க என்னை மன்னிக்கணும்."

நிறுத்தினார். முடிந்தது என்று நினைத்து விரலை எடுத்தேன்.

"இன்னும் கீது பாய். 'எங்கப்பா திருடன் இல்ல'ன்னு என் பொண்ணு உங்க எல்லார் கூடவும் சண்டை போட்டா. அவ சொன்னது சரி. தேங்கா தண்ணி காட்டும்னு அவளுக்கு சொல்லிக் குடுத்தவன் நான். தப்பு சொன்னது நான் மட்டும்தான்."

"அப்பா, அது வேணாம்ப்பா," என்றாள் பெண்.

"வேணும். அதுக்குத்தான் வந்தேன். தட்டுங்க பாய்."

தட்டினேன். மேடம் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, அந்தப் பேச்சைப் பூட்டினார்.